பெரியப்பா மடியில் அம்பாள்

புளியும் ஈரமண்ணும் கலந்த ஒரு வாசனை, சித்திரை வெயிலில் பெரியப்பா வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் முகத்தில் வந்து படும். அப்பாவின் அண்ணனான அவர் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். தாராசுரம் பக்கத்தில் ஒருநாள் விசிலடித்து வண்டியை நிறுத்தி, ஏதோ ஒரு கல் தன்னைக் கூப்பிடுவதாகச் சொல்லி இறங்கியவர், திரும்ப ஏறவேயில்லை. அதன்பிறகு கல்யாணமும் இல்லை, வேலையும் இல்லை. வயலிலும் ஆற்றுமணலிலும் கிடைத்த மூக்குடைந்த நந்தி, பச்சை பூத்த காசுகள், ஆள் உட்காரக்கூடிய தாழி என்று வீடு நிறையச் சேர்த்து, புளி போட்டுக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். தெருவில் அவருக்குச் "சட்டிச்சாமி" என்று பெயர். மத்தியானத்தில் எதையாவது மடியில் வைத்துக் கண்ணை மூடிவிட்டால், அது பேசி முடிக்கும்வரை திறக்கமாட்டார். விடுமுறையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்குத் தூக்கம்தான் வரும், ஆனால் அந்தத் தூக்கத்துக்குள் ஒரு ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.

நான் ஐந்தாவது முடித்த கோடையில், வாய்க்கால் தூர்வாரியவர்கள் வைக்கோலில் சுற்றிய ஐம்பொன் அம்பாள் ஒன்றைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தார்கள். முழங்கை உயரம், வலது கை இல்லை.

"எங்களுக்கு வேற யாரத் தெரியும்? நீங்களே வெச்சுக்குங்க சாமி."

மறுநாளே ஒரு கார் வந்தது. இறங்கியவர், "என்ன வெல வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பெரியப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். அப்பாதான் பதறினார்: "அண்ணே, கவர்மெண்டுக்குச் சொல்லாம வெச்சிருந்தா எல்லாரும் உள்ள போகணும். சொன்னா, வந்து வீட்டையே தொடச்சு எடுத்துட்டுப் போயிடுவாங்க. பேசாம வாய்க்கால்லயே போட்டுடுங்க."

அன்று மத்தியானம் முழுவதும் அம்பாள் அவர் மடியில் இருந்தாள். கண்ணைத் திறந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. "வெளிச்சத்துல இருக்கணும்ங்கிறா" என்றார்.

காலையில் அவளைத் துண்டில் சுற்றி, கும்பகோணம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்து, அவளுக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டார். நான் நின்றுகொண்டே போனேன். தாலுகா ஆபீசில் சிலையை வாங்கிக்கொண்ட அதிகாரி, கிளம்பும் நேரத்தில் சாதாரணமாகத்தான் கேட்டார்: "வேற ஏதாவது இருக்குங்களா பெரியவரே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம்.

"வீடு நிறைய இருக்குங்க" என்றார் பெரியப்பா.

அந்த வாரமே லாரி வந்தது. ஒவ்வொன்றையும் அவரே தூக்கிவந்து, அதன் காதில் ஏதோ சொல்லி ஏற்றினார். நந்தியைக் கொடுக்கும்போது, "பள்ளம் வந்தா மெதுவாப் போங்க தம்பி, இவருக்கு ஏற்கெனவே அடிபட்டிருக்கு" என்றார். லாரி போனதும் காலி வீட்டில், காலி மடியோடு உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"வருத்தமா இல்லையா பெரியப்பா?"

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "இருக்கு கண்ணு. ஆனா இப்பத்தான் நல்லாக் கேக்குது."

அவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. வீடு இருந்த இடத்தில் என் தம்பி நெல் கிடங்கு கட்டியிருக்கிறான். வாய்க்காலுக்கு சிமெண்ட் போட்டுவிட்டார்கள். தன்னைப் போட்டோ எடுக்க யாரையும் அவர் விட்டதில்லை. இப்போது நினைத்தால் கண்மூடிய முகம் மட்டும்தான் வருகிறது. அவர் என்னைப் பார்த்த பார்வை எப்படியிருக்கும் என்பது மறந்தே போய்விட்டது.