மூன்றாவது கேமரா

கீழ்க்கட்டளையில் லாசரஸின் வீட்டுக்குள் நுழைந்தவர்கள், மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். படுக்கையறையில் கட்டிலைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நடுவில் ஒரு மேசையைப் போட்டிருந்தார். அதன்மேல் இரண்டு திரைகள், ஒரு லேப்டாப், பொத்தான்கள் வரிசையாக வைத்த ஒரு சின்னப் பெட்டி. பெட்டியிலிருந்து மூன்று கறுப்பு வயர்கள் கிளம்பி, கதவு நிலையை ஒட்டி ஏறி, ஹாலில் இருந்த மூன்று கேமராக்களுக்குப் போயின. எந்தப் பொத்தானை அழுத்துகிறாரோ அந்தக் கேமராவின் படம் உலகம் பூராவும் போகும். கல்யாண மண்டபத்தில்கூட இவ்வளவு கிடையாது என்று இன்டர்நெட் லைன் போட வந்தவர் சொன்னார். பாராட்டுகிறாரா, கிண்டல் பண்ணுகிறாரா என்று லாசரஸ் ஆராயவில்லை. பாராட்டாகவே வைத்துக்கொண்டார்.

தாம்பரத்தில் ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தாறு வருஷம் வயரோடு புழங்கி ஓய்வு பெற்றவருக்கு இதெல்லாம் பெரிய வித்தையில்லை. ஆனால் ஆசைக்காகத் தொடங்கிய வேலையும் இல்லை இது. போன ஆகஸ்டில் மனைவி ஞானஜோதி இறந்தபோது, கனடாவிலிருந்து மகன் ஷெர்வின் அடித்துப் பிடித்து வந்து சேர்ந்தான். மெல்போர்னில் இருக்கும் மகள் பிளஸ்ஸி அப்போது நிறைமாதம். விமானம் ஏற முடியவில்லை. அடக்க ஆராதனையை ஞானஜோதியின் தம்பி எபி தன் போனில் பிடித்து அவளுக்குக் காட்டினார். காட்டினார் என்று சொல்வதே தப்பு. கூட்டத்தில் இடிபட்டு, அழுதுகொண்டே பிடித்ததில், பிளஸ்ஸிக்குத் தெரிந்ததெல்லாம் யார் யாருடைய வெள்ளைச் சட்டை முதுகுகளும் கொஞ்சம் வானமும்தான். "கடைசி வரைக்கும் அம்மா மூஞ்சிய நான் பாக்கலப்பா" என்று அவள் சொன்ன குரல் லாசரஸின் காதை விட்டுப் போகவே இல்லை. முதலாண்டு ஞாபகார்த்த ஜெபத்தை வீட்டில் வைத்து, ஒரு முகம் விடாமல் அவளுக்குக் காட்டிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்.

உள்ளூர இன்னொரு ஆசையும் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டை நன்றாகக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஏக்கம் வரும். ஏக்கம் வந்தால் டிசம்பரில் டிக்கெட் போடுவார்கள். இதுவரை போனில் மட்டுமே பார்த்த பேத்தியை இந்தக் கிறிஸ்துமஸுக்கு மடியில் வாங்கிக்கொள்ளலாம்.

ஜனவரியில் வேலையை ஆரம்பித்தார். பல்லாவரத்தில் ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடையாய் நடந்தார். வாங்கிவந்த வயர் குட்டையாக இருக்கும், மறுநாள் போவார். நீளமாக வாங்கினால் படம் நடுங்கும், திரும்பப் போவார். கடைக்காரர்கள், இது என்ன சேனலுக்கு சார் என்று கேட்டார்கள். குடும்பச் சேனல் என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

கேமராவில் ஃபோகஸ் சரிபார்க்க எதிரே ஒரு ஆள் உட்கார வேண்டும். ஆளுக்கு எங்கே போவது? நாற்காலிமேல் ஒரு ஸ்டூலை வைத்து, அதன்மேல் ஐந்து லிட்டர் குக்கரைத் தலையாக வைத்தார். குக்கரை வைத்துவிட்டு உள்ளே ஓடித் திரையைப் பார்ப்பார். மங்கலாக இருக்கும். வெளியே வந்து லென்ஸைத் திருகிவிட்டு மறுபடி உள்ளே ஓடுவார். இன்னொருவர் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை. அவருக்கு ஒரு முழுப்பொழுது பிடித்தது. பொழுதுக்கு மட்டும் அவரிடம் பஞ்சமே இல்லை. எல்லாம் முடிந்த பிறகும் எழுந்திருக்க மனம் வராமல், தன் காலி ஹாலை மூன்று கோணத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தனியாக இருப்பது கஷ்டம் என்று தெரியும். அதை மூன்று பக்கத்திலிருந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

முதல் கேமரா போதகர் நிற்கும் இடத்தைப் பார்த்தது. இரண்டாவது, ஞானஜோதியின் படத்தை. மூன்றாவதுதான் அவருக்குச் செல்லம். போதகருக்குப் பின்னால், பரணின் விளிம்பில் அதைப் பொருத்தியிருந்தார். வந்திருக்கும் சொந்தபந்தம் அத்தனை பேரின் முகமும் ஒரே சட்டத்தில் அடங்கும். அத்தை வந்திருக்கிறார், மாமா வந்திருக்கிறார், நாம் மட்டும் இல்லையே என்று பிள்ளைகளுக்கு அடிவயிற்றில் சுருக்கென்று படவேண்டியது அந்தப் படத்தில்தான். ஒரே ஒரு குறையை மட்டும் அவரால் தீர்க்க முடியவில்லை. இங்கே நடப்பது, பார்ப்பவர்களின் போனுக்குப் போய்ச்சேர இருபது நொடி ஆயிற்று. சிக்னல் வேலையில் இருபது நொடி தாமதம் என்றால் சஸ்பென்ஷன்தான் என்று பிளஸ்ஸியிடம் சொன்னார். அவள் சிரித்தாள்.

ஜெபத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகை பார்த்தார். பிள்ளைகள் இருவருக்கும் லிங்க் அனுப்பிவிட்டு, மூன்று கேமராவையும் மாற்றி மாற்றிக் காட்டினார். ஷெர்வின் உடனே கூப்பிட்டான்.

"செம கிளியரா இருக்குப்பா. பக்கத்துல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு. அப்ப இந்தத் தடவ கிறிஸ்துமஸையும் இப்படியே பாத்துக்கலாம். டிசம்பர்ல லீவ் கேட்டா இங்க ரொம்பப் பேஜாரு."

பிளஸ்ஸியும் அதையே வேறு வார்த்தையில் சொன்னாள்: குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வருவது கஷ்டம், இது எவ்வளவோ ஆறுதல். நல்லதும்மா என்றார் லாசரஸ். போனை வைத்த பிறகு, எட்டு மாதம் பாடுபட்டுத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று அவருக்குப் புரிந்தது. படம் மங்கலாக இருந்திருந்தால் வந்திருப்பார்களோ என்னவோ.

சரி, உள்ளூர்க் கூட்டத்தைப் பார்த்தாவது மனம் மாறுவார்கள் என்று தேற்றிக்கொண்டார். அந்தத் தெம்பில்தான் அடுத்த தப்பைச் செய்தார். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஜெப அழைப்பைப் போட்டபோது, பெருமை தாங்காமல் அடியில் ஒரு வரி சேர்த்தார்: வர இயலாதவர்கள் இந்த லிங்க்கில் நேரலையாகக் காணலாம். ஜெப நாளான சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அந்தக் குழுவில் அத்தனை பேரும் வர இயலாதவர்களாகிவிட்டார்கள்.

முதலில் பம்மலிலிருந்து தங்கை ஜோசலின் கூப்பிட்டாள். ஞானஜோதியைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"மழ வர மாதிரி இருக்குண்ணா. முட்டி வேற விண்ணு விண்ணுனு தெறிக்குது. அதான் நீ லைவ் போடறியே, டிவியிலயே போட்டு எல்லாரும் பாத்துடறோம்."

பெரும்பாக்கத்திலிருந்து எபி, குடும்பத்தோடு வீட்டிலிருந்தே கலந்துகொள்கிறோம் அத்தான் என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டார். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் கைகூப்பினார்கள். கும்பிடு போடுவதில் நம் ஆட்களுக்கு என்றைக்கும் குறை வைக்கத் தெரியாது.

ஆறு மணிக்கு ஜெபம். வாடகைக்கு எடுத்த நாற்பது நாற்காலிகளை வரிசை பிசகாமல் போட்டு வைத்திருந்தார். அறுபது டிபன் பொட்டலங்கள் சமையலறையில் சூடாக இருந்தன. வந்தவர்கள் மூன்று பேர்: போதகர், சபை உபதேசியார், கீழ்வீட்டு சாவித்ரி. சாவித்ரி அந்த ஊரின் பழைய குடும்பத்துப் பெண், கோயில் குளம் என்று போகிறவர், ஞானஜோதிக்காக வந்திருந்தார். முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், யாரையும் காணோம்? அல்லாரும் போன்லயே பாத்துகினு கீறாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு லாசரஸ் உள்ளே போனார். அவர் உள்ளே போயே ஆகவேண்டும். பொத்தானை அழுத்த வேறு ஆளில்லை. மனைவியின் ஞாபகார்த்த ஜெபம் ஹாலில் நடக்க, அவர் படுக்கையறையில் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பார்ப்பவர்கள் அறுபத்து மூன்று பேர் என்று லேப்டாப் காட்டியது.

உபதேசியார் கீர்த்தனையைத் தொடங்கினார். ஒற்றைக் குரல் ஹாலில் எதிரொலித்தது. ஒன்றாவது பொத்தான், இரண்டாவது பொத்தான், மறுபடி ஒன்று என்று லாசரஸ் மாற்றிக்கொண்டே இருந்தார். மூன்றின் பக்கம் விரலே போகவில்லை. யாருமில்லை என்பது வெளியே தெரியாமல் காப்பதே இப்போது அவருடைய வேலையாகிவிட்டது. பார்ப்பவர்கள், பாட்டு அருமை, ஏற்பாடு பிரமாதம் என்று எழுதினார்கள்.

ஜெபம் முடிந்ததும் போதகர், சகோதரியைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்லலாம் என்றார். சொல்லிவிட்டு நாற்காலிகளைப் பார்த்தார். சாவித்ரி தலை குனிந்துகொண்டார். அந்த மௌனத்தில் லேப்டாப்பில் ஒரு நீண்ட செய்தி வந்து விழுந்தது. ஜோசலின் தன் சாட்சியைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாள். அண்ணி பொறுமைசாலி, அண்ணி கைமணம் யாருக்கு வரும் என்று பத்து வரி. அதற்குக் கீழே ஆமென், ஆமென் என்று வரிசையாக விழுந்துகொண்டே போயிற்று. ஹாலில் ஒரு சத்தமும் இல்லை.

லாசரஸுக்குக் கோபம் வந்தது. ஒரு வருஷமாக அழுகையைத்தான் அடக்கிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தார். அது கோபம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது பொத்தானை அழுத்தினார். போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்து, முதல் வரிசையின் நடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

போனில் இன்னும் போதகர்தான் தெரிந்தார். பிறகு காலி நாற்காலிகள் தெரிந்தன. கொஞ்சம் கழித்து, நரைத்த ஒரு ஆள் கதவைத் திறந்துகொண்டு வந்து அவற்றின் நடுவில் உட்கார்ந்தான். இவ்வளவு கிழவனாகிவிட்டோமா என்று லாசரஸ் பார்த்தார். பிறகு எழுந்து நின்று பேசினார்.

"முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல பத்தொம்பது கிறிஸ்துமஸ் நான் டூட்டில இருந்தேன். பாதி நான் கேட்டு வாங்கினது. வூட்ல சொந்தக்காரங்க கூட்டம், சத்தம், எனக்கு ஆகாது. ஜோதி புள்ளைங்கள வெச்சிகிட்டு தனியாவே சமாளிச்சா. ஏன் வரலன்னு ஒரு தடவ கூட கேக்கல. கேட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாவித்ரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டவர்கள் அந்த மூன்று பேர் மட்டும்தான். மைக் போதகரின் சட்டையில் மாட்டியிருந்தது. போனில், வாய் மட்டும் அசையும் ஒரு கிழவனுக்குக் கீழே, ஆடியோ வரவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். கேமரா தப்பா மாறிடுச்சு அத்தான், காலி சேர்தான் தெரியுது என்று எபி எழுதியிருந்தார்.

ஆசீர்வாதம் கூறி முடித்தார் போதகர். மூன்று பேரும் டிபன் சாப்பிட்டார்கள். மிச்சப் பொட்டலங்களைப் பக்கத்துத் தெருக்களில் கொடுத்துவிடுவதாக உபதேசியார் எடுத்துக்கொண்டு போனார். சாவித்ரி, எதுனா வோணும்னா ஒரு குரல் குடுங்க சார் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். லாசரஸ் லைவை நிறுத்தவில்லை. அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரை எவ்வளவு நேரம்தான் பார்ப்பார்கள். அறுபத்து மூன்று முப்பதாயிற்று, பதினொன்றாயிற்று, நான்காயிற்று. கடைசியில் இரண்டில் வந்து நின்றது. அதில் ஒன்று அவர் கையிலேயே இருக்கும் போன் என்பது அவருக்குத் தெரியும். மிச்சம் ஒருவர். பிள்ளைகள் இரண்டு பேர்.

யார் என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் தெரிந்துவிடும். இரண்டு முறை எழுத ஆரம்பித்து அழித்தார். ஷெர்வின் என்று வந்தால் பிளஸ்ஸி போய்விட்டாள் என்று ஆகும். பிளஸ்ஸி என்று வந்தால் அவன் போய்விட்டான் என்று ஆகும். இரண்டு பேரும் இல்லாமல் வேறு யாரோவாக இருந்துவிட்டால் அதைத் தாங்க அவருக்குத் தெம்பில்லை. போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, யாரென்று தெரியாத அந்த ஒருவருக்காகப் பரணின் மேலிருந்த கேமராவைப் பார்த்தபடி, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.