மாப்பிள்ளை வைத்த சூப்

அந்த டிசம்பரில் என் அப்பாவின் வாயில் ஒரு பல்கூட இல்லை. ஆடிக்கொண்டிருந்தவை, சொத்தை விழுந்தவை எல்லாவற்றையும் தீபாவளி முடிந்த கையோடு பிடுங்கிவிட்டார்கள். ஈறு நன்றாக ஆறிய பிறகுதான் பல்செட்டுக்கு அளவெடுக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை கஞ்சி, பாலில் ஊறிய இட்லி, குழைத்த பருப்பு சாதம்.

இதையெல்லாம் செய்து கொடுத்தவன் நான். என் மனைவிக்குப் பூந்தமல்லி தாண்டி ஒரு கம்பெனியில் வேலை. விடிந்தும் விடியாமலும் கம்பெனி பஸ் வந்துவிடும். எனக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் பட்டறை, இரண்டாவது ஷிஃப்ட். மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். மதியம் கிளம்பினால் போதும் என்பதால், அம்மா போன பிறகு காலைச் சமையல் என் கைக்கு வந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அது பிடிக்கவும் செய்தது.

அப்பா நான் கொடுப்பதைக் குடிப்பார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். "வச்சிட்டுப் போ" என்பார். காலமெல்லாம் பிரஸ் மெஷின் சத்தத்தில் நின்ற மனிதர், பேச்சு குறைவு என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு என் தங்கையும் அவள் வீட்டுக்காரரும் ஓசூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை அங்கே ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். கல்யாணத்துக்கு முன்பு முகப்பேரில் சிநேகிதர்களோடு ரூம் எடுத்துத் தங்கி வேலை தேடியவர். நல்ல மனிதர்தான். குடிப்பதில்லை, குரலை உயர்த்துவதில்லை, என் தங்கையை ஒரு சொல் சொன்னதில்லை. அவரைப் பிடிக்காமல் போக எனக்கு ஒரு காரணமும் இல்லை, அந்த வருஷம் வரைக்கும்.

பண்டிகைக்கு பிரியாணி எப்போதும் நான்தான். மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி, விறகு வைத்து, பெரிய தேக்சாவில் ஏற்றுவேன். அந்த முறை அப்பாவை மனதில் வைத்துக் கறியை வழக்கத்தைவிடக் கூடுதலாகவே வேகவிட்டேன். இளம் ஆடாகப் பார்த்துக் கேட்டு வாங்கியிருந்தேன். தொட்டுக்கொள்ள, பருப்பும் கத்திரிக்காயும் எலும்பும் போட்ட தால்சா. கோயிலிலிருந்து எல்லோரும் வந்ததும் முதல் தட்டு அப்பாவுக்கு வைத்தேன்.

அவர் சோற்றை மட்டும் பிசைந்து கொஞ்சம் சாப்பிட்டார். ஒரு துண்டுக் கறியை வாயில் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டிப் பார்த்தார். பிறகு எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டார்.

"இன்னா நைனா, வேகலயா?"

"வெந்துதான் கீது. எனுக்குத்தான் மெல்ல முடியல. நீங்க துன்னுங்க."

மற்ற எல்லோரும் விரலை நக்கிக்கொண்டு சாப்பிட்டார்கள். நான் அந்தத் தட்டோரத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிபோல நான் பால் வாங்கிக்கொண்டு வந்தபோது, அடுப்படியில் மாப்பிள்ளை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஃப்ரிட்ஜில் இருந்தது எல்லாம் மேடைமேல் வந்திருந்தது. தேக்சாவின் அடியில் தங்கிய எலும்பும் நல்லியும், மிச்சமிருந்த தால்சா, நாலைந்து சிக்கன் வறுவல் துண்டு, அடிப் பிரியாணி. என் மனைவி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக மூடி திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு லீவு.

"தட்டுல வச்ச எலும்பு எதுவும் கலக்கல இல்ல அக்கா?" என்று கேட்டார்.

"ஐய, அத்தெல்லாம் நேத்தே நாய்க்குப் போட்டாச்சு. இது பாத்திரத்துல இருந்தது. சுத்தமானது."

"என்ன மாப்ள பண்றீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல மச்சான். ரூம்ல இருக்கும்போது பண்டிகைக்கு அடுத்த நாள் இதான் எங்களுக்குச் சாப்பாடு. எவனாவது ஊர்ல இருந்தோ சொந்தக்காரங்க வீட்ல இருந்தோ மிச்சத்தக் கட்டிட்டு வருவான். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு சூப் வச்சிருவோம். மாமாவுக்கு ஆகும்னு தோணுச்சு."

எனக்கு ஏன் தோன்றவில்லை என்று அப்போதே சுருக்கென்றது.

வறுவல் துண்டுகளைச் சுடுதண்ணீரில் அலசி மசாலாவைப் போக்கினார். எலும்பு, நல்லி, தால்சா, வறுவல், இரண்டு கை பிரியாணிச் சோறு எல்லாவற்றையும் குக்கரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் நசுக்கிச் சேர்த்தார். உப்பு போடவே இல்லை. "எல்லாத்துலயும் ஏற்கனவே இருக்கும், கடைசில பாத்துக்கலாம்" என்றார். குக்கர் அடங்கியதும் எலும்பையெல்லாம் பொறுக்கி, ஒட்டியிருந்த கறியை நார் நாராகப் பிய்த்து உள்ளே விட்டார். நல்லியைத் தட்டிக் கொழுப்பை இறக்கினார். பருப்பு மத்தால் ஒரு கடை. சோறும் பருப்பும் கத்திரிக்காயும் கரைந்து குழம்பைவிடக் கொஞ்சம் இளக்கமாக நின்றது. மேலே கொத்தமல்லி.

வீடு முழுக்க மணம். அதுவும் என் பிரியாணியின் மணம்தான். ஆனால் வேறு மாதிரி.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி கிண்ணத்தை வாங்கினார். ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிண்ணத்தையே தூக்கி வாயில் வைத்தார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

"இன்னா ருசி மாப்ள! நாக்கு செத்துப் போயிருந்துச்சு. இன்னும் கொஞ்சம் ஊத்து."

இன்னும் கொஞ்சம் ஊற்று. தீபாவளியிலிருந்து ஒவ்வொரு வேளையும் நான் கேட்கக் காத்திருந்த சொல் அது. அது என் காதருகே போய் இன்னொருவர் காதில் விழுந்தது.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இல்ல?" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாவது கிண்ணம் முடிந்ததும் அப்பா பேச ஆரம்பித்தார். எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வந்தவர், தவறிப்போய்ப் பக்கத்துக் கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டாராம். அங்கே ஆள் குறைச்சல் போலிருக்கிறது, ஒருவன் கையில் ஸ்பேனரைக் கொடுத்திருக்கிறான். மதியம்வரை வேலை செய்து, அவர்கள் கேண்டீனிலேயே சாப்பிட்டும் முடித்த பிறகுதான் மேஸ்திரி வந்து, "யார்ரா நீ?" என்றிருக்கிறான்.

"நான் சொன்னேன், 'அண்ணாத்தே, யாருன்னு அப்பால பாத்துக்கலாம், சாம்பார் சூப்பரா கீது'ன்னேன்!"

பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார். மாப்பிள்ளை கட்டிலைத் தட்டிச் சிரித்தார். என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை. அதே எஸ்டேட்டில் அத்தனை வருஷமாக வேலை பார்க்கிற நான், அதே கேட்டைத் தினமும் தாண்டிப் போகிற நான்.

கை கழுவும் இடத்தில் மாப்பிள்ளை என் பக்கம் வந்தார். "என்னோடது ஒண்ணும் இல்ல மச்சான். நேத்து நீங்க போட்ட மசாலா எலும்புக்குள்ள ஏறி இருக்குல்ல, அதான் இந்த ருசி."

அவர் மனதாரத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜம்பமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

அன்றைக்கு வழக்கத்துக்கு முன்பே வேலைக்குக் கிளம்பினேன். லேத்தில் ஷாஃப்டைக் கடைந்துகொண்டிருக்கும்போது மனம் அந்தக் கிண்ணத்தையே சுற்றியது. என்ன பெரிய சூப்? மிச்சத்தைப் போட்டுக் கொதிக்கவைத்தால் அது சமையலா? விறகுப் புகையில் கண் எரிய நின்றவன் யார்?

அவர்கள் புத்தாண்டுவரை இருப்பதாக ஏற்பாடு. அந்த நாள்களில் அப்பா கண் விழித்ததும், "மாப்ள எந்திரிச்சாரா?" என்பார். நான் கஞ்சி கொண்டுபோனால், "மாப்ள துன்னாரா?" என்பார். சவரம் செய்துவிடுகிறேன் என்று நான் சொன்னால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறவர், ஒரு காலை மாப்பிள்ளையின் முன்னால் கன்னத்தை உப்பிக் காட்டிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். உள்ளே போகவும் பிடிக்கவில்லை, நகரவும் முடியவில்லை.

என் மனைவி எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற?"

"வயிறு ஒரு மாதிரி எரியுது."

"தெரியுது, தெரியுது. ஃப்ரிட்ஜில மோர் கீது, எடுத்துக் குடி" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள்.

இடையில் ஒரு நாள், மாப்பிள்ளையும் தங்கையும் பட்டாபிராமில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கறிக்கடைக்கு ஓடினேன். நல்லி எலும்பு, நெஞ்செலும்பு எல்லாம் புதுசு. அதே மிளகு, அதே சீரகம், அதே பூண்டு. அதே மத்து. அப்பா பாதிக் கிண்ணம் குடித்தார்.

"எப்படி கீது நைனா?"

"நல்லாத்தான் கீது." கொஞ்சம் யோசித்தார். "ஆஸ்பத்திரில குடுப்பாங்களே, அந்த மாதிரி கீது."

மீதியை நானே குடித்தேன். அவர் சொன்னது சரிதான். புது எலும்பில் ஒரு இரவு ஊறிய மசாலா எங்கே இருக்கும்? தால்சா எங்கே, அடிப் பிரியாணியின் தீய்ந்த வாசம் எங்கே? மிச்சத்தில்தான் அந்தச் சூப் இருக்கிறது, கடையில் கிடையாது என்று அன்றைக்குப் புரிந்தது. மாப்பிள்ளை சொன்னது உபசாரம் இல்லை, உண்மை என்பதும் புரிந்தது. புரிந்ததால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

புத்தாண்டு அன்று மட்டன் குழம்பு, கோழி வறுவல், நெய்ச்சோறு. அன்று சாயங்காலமே அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அப்பா கேட்டுவரை வந்தார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஈஸ்டருக்கு வந்துடணும், இன்னா?" என்றார். ஆட்டோ திரும்பிய பிறகும் அங்கேயே நின்றார். நான்தான் தோளைத் தொட்டு உள்ளே கூட்டிவந்தேன்.

மறுநாள் காலை வீட்டில் நானும் அவரும் மட்டும். ஃப்ரிட்ஜைத் திறந்தேன். குழம்பும் எலும்பும், வறுவலில் கொஞ்சம், நெய்ச்சோறு ஒரு கிண்ணம். தால்சா கிடையாது என்பதால் ஒரு பிடி பருப்பும் ஒரு முருங்கைக்காயும் சேர்த்தேன். முருங்கைக்காய் வெந்ததும் சதையை வழித்துவிட்டுச் சக்கையை எறிந்தேன். உப்பு போடவில்லை. கறியைப் பிய்க்கும்போது விரல் சுட்டது, நார் நாராக வரும்வரை விடவில்லை. தனியாக நின்று ஒரு வாய் ருசி பார்த்தேன். எனக்கே தலையில் வேர்த்தது.

கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அப்பா குடித்தார். கரண்டியைக் கீழே வைத்தார். கிண்ணத்தைத் தூக்கினார்.

"இன்னும் கீதா?"

எழுந்து போய் ஊற்றிக்கொண்டு வந்தேன். அதை முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டவர் கேட்டார்:

"மாப்ள சொல்லிக் குட்துட்டுப் போனாரா?"

முருங்கைக்காய் நான் போட்டது என்று சொல்லலாமா என்று நினைத்தேன்.

"ஆமா நைனா, பாத்துதான் வச்சேன்."

"அதான பாத்தேன்" என்றார்.

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். குழாயைத் திறப்பதற்குள் அவர் போனில் பேசுவது கேட்டது. ஓசூருக்குத்தான். காது கொஞ்சம் மந்தம், அதனால் எப்போதும் கத்திப் பேசுவார்.

"மாப்ள, பத்திரமா போய்ச் சேந்தீங்களா? இன்னிக்கு உன் சூப்பு வச்சான் என் பையன்... ஆமா, அவன்தான். முருங்கக்கா போட்டுகீறான்பா, உன்னுதவிட ஒரு படி மேல கீது. கோச்சிக்காத... அவன் கைப்பக்குவம் அவங்க அம்மாவுது. தெனம் அவன் வக்கிற கஞ்சியே அப்படித்தான் இருக்கும். நான் சொல்றதில்ல, சொன்னா தலகால் புரியாது."

நான் குழாயைத் திறக்காமல் நின்றேன். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை நாள் எனக்குச் சேரவேண்டியதை அவர் எடுத்து நீட்டியது யாரிடம்? நாலடி தூரத்தில் நிற்கிறேன். ஓசூருக்குப் போன் போட்டுச் சொல்கிறார்.

மதியம் பட்டறைக்கு நடந்துகொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. மாப்பிள்ளை.

"மச்சான், காலைல மாமா போன் பண்ணினாரு. உங்களப் பத்தி என்ன சொன்னாரு தெரியுமா?"

லாரி ஒன்று போனது. ஓரமாக ஒதுங்கி, வேப்பமர நிழலில் நின்றேன்.

"தெரியாதே மாப்ள," என்றேன். "என்ன சொன்னாரு? சொல்லுங்க, நிதானமா சொல்லுங்க."