கருவாடு நுழையாத சொர்க்கம்

எண்ணூரில் காற்றை யாரும் சுவாசிப்பதில்லை, மென்று விழுங்குவார்கள். அந்த வித்தையில் கரைகண்டவள் ஞானபாக்கியம். சாயங்காலமானால் திருவொற்றியூர் மார்க்கெட் ஓரத்தில் மீன் வறுத்து விற்பாள். புருஷன் சிலுவைமுத்து, துறைமுகத்தில் வெல்டராக இருந்து இரண்டு கண்ணையும் அந்த நெருப்புக்கே தாரைவார்த்தவர். அவள் வாசற்படியில் கால் வைக்கும்போதே மூக்கை உறிஞ்சி, "வந்துட்டியாமே? இன்னிக்கி சங்கரா தானே?" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை.

இப்படிப்பட்ட புண்ணியவான்களைக் கடைத்தேற்ற ஒரு கம்பெனி வந்தது. முகத்துவாரம் ஓரமாகப் பெரிய கண்ணாடிக் குமிழியைக் கவிழ்த்து, உள்ளே புல்வெளி, வீடுகள், வீட்டுக்கு ஒரு சுவர் நிறையத் திரையில் அசையும் நீலக்கடல் எல்லாம் வைத்து, "வந்து வாழ்ந்து பாருங்கள், இலவசம்" என்றது. காற்றை இயந்திரம் துவைத்து, அலசி, பிழிந்து அனுப்பும். இருவரும் குடியேறினார்கள். சிலுவைமுத்துவின் பல வருஷத்து இருமல் சட்டென்று நின்றது. ஞானபாக்கியம் மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள்.

ஆனால் இயந்திரம் இருமலோடு நிற்கவில்லை. அவள் கையில் ஊறிப்போன மசாலா வாசத்தையும் துவைத்துவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தால், "யாரு?" என்று சுவரோடு ஒண்டினார் மனுஷன். குரலையும் நம்பவில்லை. அங்கே கதவு, விளக்கு, ஃபிரிட்ஜ் எல்லாமே பெண் குரலில் கொஞ்சின.

"நான்தான்யா, ஞானம்!"

"கதவும் இப்டித்தான் சொல்லும். தள்ளிப் போ."

மார்க்கெட்டில் எவனுக்கும் அடங்காதவள், அந்தப் புல்வெளியில் குந்தி அழுதாள்.

மறுநாள் பிளாஸ்டிக்கில் சுற்றிய நெத்திலிக் கருவாட்டை இடுப்பில் செருகி, இரும்புச் சட்டியைத் துணிப்பையில் போட்டுக் கடத்திவந்தாள். டீ போடக் கொடுத்திருந்த அடுப்பில் சட்டியை ஏற்றி வறுத்தாள்.

உலகம் இதுவரை அறியாத விஷவாயு என்று இயந்திரம் தீர்ப்பு எழுதியது. சங்கு ஊதியது. கதவு பூட்டிக்கொண்டது. "பயப்படாதீங்க செல்லம், காத்து சுத்தமானதும் திறக்கிறேன்," என்றது. கூரைத் துளைகள் காற்றை உறிஞ்சத் தொடங்கின. கருவாட்டு வாசம் எங்கே போகும்? காற்றுதான் போய்க்கொண்டிருந்தது. மூச்சு முட்டியது.

உர ஆலையில் வாயு கசிந்து சங்கு ஊதினால் எண்ணூர்க்காரி செய்வதையே ஞானபாக்கியமும் செய்தாள். முந்தானையை நனைத்து, கருவாட்டுக் கையோடு அவர் மூக்கைப் பொத்தினாள்.

"ஞானம்!" என்று கத்தினார் சிலுவைமுத்து. "நீயாமே! இத்தினி நாளு எங்க போயிருந்தே?"

"இங்கதான்யா இருந்தேன், பாவி!"

"இரு, இரு. இன்னொண்ணும் வருது." துணியை விலக்கி மோந்தார். "அமோனியா! நம்ம வூட்டு நாத்தம்மே!"

அது வெளிச்சுவரில் அசைந்த நீலக்கடலின் மூலையிலிருந்து வந்தது. அவர் தடவிக் காட்டிய விரிசலில், ஞானபாக்கியம் இரும்புச் சட்டியால் ஓங்கி ஓங்கிச் சாத்தினாள். கடல் அணைந்துபோனது. ஓட்டை வழியே எண்ணூர், சாம்பலும் புகையுமாக, உள்ளே வந்து இருவரையும் கட்டிக்கொண்டது.

வெளியே தவழ்ந்து வந்ததும் சிலுவைமுத்து இரும ஆரம்பித்தார். முதுகைத் தடவிவிட்டவளுக்குக் கண் கலங்கியது.

"இருமலு திரும்பி வந்துட்ச்சேய்யா."

"வரட்டும்." அவள் கையை இழுத்து மூக்கோடு வைத்துக்கொண்டார். "சட்டில நெத்திலி மிச்சம் கீதா?"