இறாலுக்கு ஒரு கால்

என் நாத்தனாரைப் பற்றி நான் பெருமையாக எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், போய் வாயைக் கழுவு என்றிருப்பேன். ஒரே வீட்டில் பன்னிரண்டு வருடமாக எலியும் பூனையுமாக இருந்தவர்கள் நாங்கள். ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும்?

இறாலை உரித்து, உறையவைத்து அனுப்பும் கம்பெனியில் எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. தலையைத் திருகி, ஓட்டோடு காலையும் உரித்து, முதுகுக் குடலைக் குச்சியால் இழுத்துப் போடுவதில் அண்ணியை (நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) மிஞ்ச அங்கே ஆளில்லை. பதினெட்டு வருடம் ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் புண். ஆறேழு மாதத்துக்குள் ஈர வேலையை விடாவிட்டால் விரலையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கம்பெனியில் ஈரம் படாத வேலை ஒன்றுதான் அதற்குள் காலியாவதாக இருந்தது: லேபிள் சரிபார்ப்பது. அதற்குப் படிக்கத் தெரிய வேண்டும். அண்ணியோ பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை.

நான் எட்டாவது வரை படித்தவள். வேறு வழி? உரிக்கும் மேசையிலேயே ஈர விரலால் எழுதிக் காட்டினேன்.

“இது துணைக்கால் அண்ணி. பக்கத்துல நின்னா ‘றா’. இல்லாட்டி வெறும் ‘ற’.”

“அட, எழுத்துக்கும் காலா! நல்லவேளை, இதையும் பிய்க்கச் சொல்லல!”

ஆறு மாதம். நான் கத்தாத நாளில்லை. அண்ணி ஒரு நாள்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை.

அந்த வேலைக்காக அண்ணியை மேனேஜர் கூப்பிட்ட அன்று துணைக்கு நானும் போனேன். அவர் படித்துக் காட்டச் சொல்லிச் செய்தித்தாளை நீட்டினார். அண்ணி எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு வரியை முடிப்பதற்குள் அவர் இரண்டு போன் பேசி முடித்துவிட்டார்.

“இந்த வேகத்துல லேபிள் பாத்தா, பெட்டிக்குள்ள இருக்கிற இறால் முட்டையே போட்டுடும்மா,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி எழுந்திருக்கவில்லை. அன்று காலை அச்சகத்திலிருந்து வந்த லேபிள் கட்டு மேசைமேல் கிடந்தது. அதை இழுத்து வைத்துக்கொண்டு உதட்டை அசைத்தார்.

“சார், இறாலுக்குக் காலைக் காணோம்.”

“உரிச்ச இறாலுக்கு ஏதும்மா காலு? நீங்கதானே பிச்சுப் போடுறீங்க!”

“அந்தக் காலு இல்ல சார். எழுத்துல. ‘ற’ மட்டும் மொட்டையா நிக்குது பாருங்க.”

மேனேஜர் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ‘உறைந்த இறல்’ என்று இருந்தது. அச்சுக்குப் போகும் முன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பட்டதாரிகள். அதில் அவரும் ஒருவர்.

“ஐயையோ, இறல்னா சாவும்மா! பெட்டி பெட்டியா உறைஞ்ச சாவை அனுப்பியிருப்போமே!”

“வேகமாப் படிக்கிறவங்கதானே எல்லாரும்!” என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழும்படிதான்.

திங்கட்கிழமையிலிருந்து அண்ணியை லேபிள் அறைக்கு வரச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் இறால் வாங்கி வந்து நானே உரித்தேன். அண்ணியைப் பாத்திரத்தைத் தொடவே விடவில்லை. வறுத்ததும் முதலில் அவர் தட்டில்தான் வைத்தேன். என் வீட்டுக்காரர் நம்பாமல், வேலை எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்.

“பதினெட்டு வருஷமா எத்தனையோ காலைப் பிச்சுப் போட்டேன்டா தம்பி. இன்னைக்கு ஒண்ணே ஒண்ணை ஒட்டவெச்சேன்,” என்ற அண்ணி, தன் தட்டிலிருந்த பெரிய இறாலை என் தட்டுக்கு மாற்றினார். “உன் பொண்டாட்டி சொல்லிக்குடுத்த காலு.”