விண்ணப்பதாரர் உயிருடன் இல்லை

ஆரணியில் அந்நாளில் தடியும் டார்ச் விளக்கும் வைத்திருந்த காவலாளிக்குக் கிடைத்தது கூலி; துப்பாக்கி வைத்திருந்தவருக்குக் கிடைத்தது சம்பளம். வேறுபாடு தொகையில் மட்டுமன்று. முன்னவரை முதலாளிகள் கைதட்டிக் கூப்பிட்டார்கள். பின்னவரை "வாங்க" என்றார்கள். பதினைந்து ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்துவிட்டு எழுபதுகளின் பிற்பகுதியில் ஊர் திரும்பிய என் தம்பி விரும்பியது அந்த இரண்டாவது வேலையை.

வேலையும் இருந்தது. கல்யாணப் புடவைகள் நெய்வித்து விற்ற ஒரு முதலாளி, தம் பட்டுக் கிடங்குக்கு முன்னாள் படைவீரர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தார். துப்பாக்கியும் அதற்கான உரிமமும் காவலாளியின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஆவணி முகூர்த்தங்களுக்கான சரக்கு கிடங்கில் சேர்வதற்குள் உரிமத்தோடு வந்தால் இடம் தம்பிக்கு. தவறினால் சேத்துப்பட்டிலிருந்து ஒருவர் காத்திருக்கிறார் என்றும் சொல்லியிருந்தார்.

நான் வேலூரில் ஒரு கல்லூரியில் தருக்கவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். உரிமம் பெறும் வழியை விசாரித்து அறிந்தது நான்தான். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியருக்கு. அதனுடன் படையிலிருந்து முறையாக விடுவிக்கப்பட்டதற்கான ஆவணமும், பார்வையிலும் புத்தியிலும் பழுதில்லை என்ற அரசு மருத்துவரின் சான்றும், வேலைக்குத் துப்பாக்கி தேவைப்படுகிறது என்ற முதலாளியின் கடிதமும் வேண்டும். பிறகு காவல் துறை விசாரிக்கும்: ஆள் எப்படிப்பட்டவன், குடிக்கிறவனா, கைநீட்டுகிறவனா, அக்கம்பக்கத்தில் என்ன சொல்கிறார்கள். அந்த அறிக்கை சாதகமாக இருந்தால்தான் உரிமம். உரிமம் கைக்கு வந்த பிறகே துப்பாக்கி வாங்க முடியும்.

விண்ணப்பத்தை மூன்று முறை திருத்தி ஆங்கிலத்தில் எழுதினேன். ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை. தம்பியிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: வீட்டிலும் தெருவிலும் இதைப் பற்றிப் பேச வேண்டாம். வேலை உறுதியான பிறகு சொல்லலாம் என்று காரணம் காட்டினேன். உண்மைக் காரணம் வேறு. எங்கள் தந்தை அடுத்தவர் களத்து நெல்லுக்குக் காவல் கிடந்தவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போனவன் நான். என் மாணவர்களில் இருவர் எங்கள் தெருக்காரர்கள். என் தம்பியும் ஒருவர் வாசலில் காவலாக நிற்கப்போகிறான் என்பது வகுப்பறை வரை வருவதை நான் விரும்பவில்லை.

தம்பி காகிதங்களை மடித்துப் பையில் வைத்தான். "சரிணா" என்றான்.

ஏழு வாரம் கழிந்தும் பதில் இல்லை. ஒரு வியாழக்கிழமை, வேலூரிலேயே இருந்த ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் கோப்பைத் தேடி எடுத்தார், படித்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து தம் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். எப்ப ஆச்சி?"

எனக்குப் புரியவில்லை. அவர் கோப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். விண்ணப்பதாரர் உயிருடன் இல்லை, தாயாரும் அண்டை வீட்டாரும் உறுதி செய்தனர், கோப்பை முடித்துவிடலாம். அதன் கீழே கையொப்பமும் முத்திரையும் இருந்தன.

அறிக்கை பதினைந்து நாளைக்கு முந்தையது. தம்பியை நான் ஞாயிற்றுக்கிழமை பார்த்திருந்தேன், ஒன்றாகச் சாப்பிட்டோம். இந்த இரண்டு கூற்றுகளிலிருந்து எந்த முடிவு பெறப்படும் என்பதை என் முதலாண்டு மாணவன் சொல்லிவிடுவான். நானோ ஆரணிப் பேருந்தைப் பிடிக்க ஓடினேன். பேருந்து கண்ணமங்கலத்தைத் தாண்டும்வரை ஞாயிற்றுக்கிழமை நான் பார்த்தது அவனைத்தானா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கல்வி ஒரு மனிதனை இவ்வளவு எளிதாகக் கைவிடும் என்பது அன்றுதான் தெரிந்தது.

வீட்டு முற்றத்தில் கைக்கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்து அவன் மீசையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாணா, காலேஜ் லீவா?"

நடந்ததைப் பகுதி பகுதியாகத்தான் தெரிந்துகொண்டேன். சாதாரண உடையில் ஒருவர் வந்து, பட்டாளத்தில் இருந்த உங்கள் மகன் எங்கே என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். உடை சாதாரணம், காலில் போலீஸ் பூட்ஸ். எங்கள் தெருவில் போலீஸ் ஒருவரைத் தேடி வந்தால், அவர் இருக்கிறார் என்று எவரும் சொன்னதில்லை. அம்மாவுக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. தம்பி காகிதக் கட்டோடு அடிக்கடி வேலூருக்குப் போய்வந்தான். எதற்கு என்று கேட்டால் பேச்சை மாற்றினான். பட்டாளத்திலிருந்து சொல்லாமல் ஓடி வந்துவிட்டான் என்று அவளாக முடிவு செய்திருந்தாள். செத்தவனை யாரும் பிடித்துப் போக முடியாது. ஆகவே மகன் செத்துவிட்டான் என்று சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மாளும் துணைக்கு வந்து, கருமாதிச் சாப்பாடு சாப்பிட்டதாகவே சொல்லியிருக்கிறார்.

தம்பி அந்த அம்மாளைச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டான். "ஏங்க்கா, என் கருமாதிக்கு வடை போட்டாங்களா?"

"வடை, பாயசம் எல்லாந்தான். நீதான் சாப்பிட வரல" என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

மறுநாள், இன்னும் வந்து சேராத படை ஓய்வூதியத்துக்காக அவன் அளித்திருந்த உயிர்வாழ் சான்றின் நகலை எடுத்துக்கொண்டு அவனையும் அழைத்துக்கொண்டு காவல் நிலையம் போனேன். ஆய்வாளர் சான்றைப் படித்தார், தம்பியைப் பார்த்தார். ஆள் உயிரோடு இருப்பது தமக்கும் தெரிகிறது என்றார். ஆனால் அந்த அறிக்கை தாயாரின் வாய்மொழியின் மேல் நிற்பதால், தாயாரே வந்து மாற்றிச் சொன்னால்தான் தாம் திருத்தி எழுத முடியும் என்றார்.

அம்மா வெளுத்த புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பொய் சொன்னதற்காகச் சிறையில் வைப்பார்களோ என்று வழியில் இருமுறை கேட்டாள். ஆய்வாளர் கடுமை காட்டவில்லை. அவருக்கு உண்மையாகவே அறிந்துகொள்ளும் ஆவல் இருந்தது.

"ஊர்ல இல்லன்னு சொல்லியிருக்கலாமேம்மா. பெத்த புள்ளய செத்துட்டான்னு சொல்ல எப்படிம்மா வாய் வந்துச்சி?"

அம்மா தரையைப் பார்த்தபடி பேசினாள். "புதுசா வரலைங்க. பதினஞ்சி வருசமா மனசுக்குள்ள சொல்லிப் பாத்துகினுதான் இருந்தேன். தந்தி வந்தா, நாலு பேருகிட்ட ஒடஞ்சி போவாம எப்படி சொல்றதுன்னு. அவரு கேட்டதும் அதான் வந்துட்ச்சி."

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

தம்பி பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டியவன் நான். ஒவ்வொரு கடிதத்தையும் படித்து முடித்ததும், தேதியை இன்னொரு முறை படி என்பாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், மறந்துவிடுகிறாள் என்று எண்ணியிருந்தேன். பத்து நாளைக்கு முன் எழுதிய கடிதம், பத்து நாளைக்கு முன் அவன் உயிரோடு இருந்தான் என்பதை மட்டுமே நிறுவுகிறது. அதற்குப் பிந்தைய பத்து நாள்களை அவள் தனியாகக் கணக்கிட்டிருக்கிறாள். தருக்கம் கற்பித்த நான் அருகில் அமர்ந்து, கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

வெளியே தம்பி சைக்கிளை நிழலிலிருந்து எடுத்து வந்தான். அம்மாவை அதன் பின்னால் உட்காரவைத்து, வீடுவரை தள்ளிக்கொண்டே நடந்தான்.

ஆவணி பிறப்பதற்குள் உரிமம் வந்தது. அதற்குள் கதையும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. முதலாளி எங்களை மரியாதையாக உட்காரவைத்துக் காப்பி வரவழைத்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க. தாலி கட்டறதுக்குப் பொடவ எடுக்க வர்ற எடம். செத்துட்டாருன்னு சர்க்கார் காயிதத்துல ஏறினவரு வாசல்ல நின்னா, வர்ற ஜனங்க இன்னா நெனப்பாங்க?"

காகிதத்தில் எழுதிய பொய் எழுதியதனாலேயே மெய்யாகிவிடாது என்று நான் வாதிட்டேன். அவர் ஒவ்வொன்றையும் ஒப்புக்கொண்டார். சேத்துப்பட்டுக்காரர் ஏற்கெனவே வேலைக்கு வந்துவிட்டார்.

வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அம்மா வாசலில் நின்று என் மகன்தான் என்று பெருமையாகச் சொல்லியிருப்பாள். அந்த வார்த்தையைத் தடுத்தவன் நான். தெருமுனையில் அதைத் தம்பியிடம் சொன்னேன்.

"உடுணா" என்றான். "எடம் போன காரணத்த மட்டும் அம்மாகிட்ட சொல்லாதே. உரிமம் லேட்டுன்னு சொல்லிக்கலாம்."

அடுத்த ஆண்டு கண்ணமங்கலத்தில் ஓர் அடகுக் கடைக்காரர் அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஒற்றைக் குழல் துப்பாக்கியோடு பத்தாண்டுகளுக்கு மேல் அந்த வாசலில் நின்றான். ஒருமுறைகூட அதனால் சுடவில்லை. அவன் திருமணம் செய்துகொள்ளவில்லை. எண்பதுகளின் இறுதியில் ஒரு காலை, வேலைக்குப் போகப் பேருந்துக்குக் காத்திருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

உரிமம் பெற்றவர் இறந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். பதினாறாம் நாள் கழிந்த பின் அதற்கான மனுவை எழுதி அனுப்பினேன். அதிலும் பிழை இல்லை. மூன்றாம் நாள் ஓர் இளம் காவலர், இம்முறை சீருடையிலேயே, வீட்டுக்கு வந்தார். அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். தம்பியின் பெயரைச் சொல்லி, இது அவர் வீடுதானே என்று கேட்டார்.

"ஆமாங்க. டூட்டிக்குப் போயிருக்கான்" என்றாள் அம்மா.

காவலர் கையிலிருந்த மனுவைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். பக்கத்து வீட்டு அம்மாள் முறத்தோடு வெளியே வந்தார். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஆமாங்க. காலையிலதான் போனாரு."

இருவரும் பேசி முடித்த பிறகு காவலர் என் பக்கம் திரும்பினார். வாசற்படியில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதைச் சொல்லிப் பார்த்த பழக்கம் எனக்கு இல்லை.