ஈமுவுக்குப் புது லேபல்

நான் லண்டனில் லூயிஷாமுக்கு வந்த காலத்தில் என் கணவருக்கு பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் பின்னேரம்தான் எழும்புவார். அதுவரைக்கும் அந்த இரண்டு அறைக்குள் நான் சத்தம் காட்டாமல் இருக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விலங்கியல் படிப்பித்தவள் நான். வகுப்பில் என் குரல் மூன்று வகுப்புத் தள்ளியும் கேட்கும் என்பார்கள். இங்கே வந்து ஒரு வருஷத்தில், கடையில் மிச்சக் காசு வாங்கும்போது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

ஒருநாள் அவரே சொன்னார்: “நீர் எங்கையாவது போய் வாரும். இப்பிடியே இருந்தா உமக்கு விசர்தான் பிடிக்கும்.”

லைப்ரரியில் இருந்த பெண்ணிடம் விசாரித்தேன். மியூசியம் ஒன்றில் சம்பளமில்லாத உதவிக்கு ஆள் தேடுகிறார்கள் என்றாள். விலங்கியல் படித்தவள் என்றதும் என்னைப் பறவைப் பகுதிக்கு அனுப்பினார்கள். செவ்வாய்க்கிழமைகளில் போகத் தொடங்கினேன். ஜன்னலில்லாத நீண்ட அறை, சுவரோரமெல்லாம் இழுப்பறைகள், அவற்றுக்குள் பறவைகளின் எலும்புகளும் இறகுகளும். அங்கேயே வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் செவ்வாயில் வருவார். குட்மோர்னிங் சொல்லுவார், பின்னேரம் குட்நைட் சொல்லுவார். இடையில் ஒரு கதையும் இல்லை.

சில மாதத்துக்குப் பிறகு பகுதிப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டாள். என்னைவிட வயதில் இளையவள். பறக்காத பெரிய பறவைகளின் வகைப்பாட்டை மாற்றுகிறோம் என்றாள். அதுவரை ஈமு தனிக் குடும்பம், கசோவரி தனிக் குடும்பம். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டும் மிக நெருங்கிய சொந்தம் என்று தெரிகிறதாம். ஆகவே ஈமுவின் இழுப்பறைகளையெல்லாம் கசோவரிக் குடும்பத்துக்குள் சேர்த்து, பழைய லேபல்களைக் கழற்றிப் புதிது கட்டவேண்டும்.

பழைய லேபல்களில் இருந்தது கிழவரின் கையெழுத்து என்று அவள் சொல்லவில்லை. நான் முதல் லேபலின் நூலை வெட்டும்போது அவர் நிமிர்ந்து பார்த்தார். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அன்று குட்நைட் சொல்லாமல் போனார்.

அடுத்த கிழமை என் மேசைக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டார். லண்டனில் அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஈமுவின் இறகு ஒன்றையும் கசோவரியின் இறகு ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் ஒரே அடியிலிருந்து இரண்டு தண்டுகள், ஒரே நீளத்தில். இரண்டின் குஞ்சுகளுக்கும் உடம்பில் கோடுகள் இருக்கும் என்றும் சொன்னேன்.

“எனக்கும் அது தெரியும்,” என்றார். “பிரித்து வைத்தே பழகிவிட்டேன்.”

பிறகு அவரே கடைசி இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே இருந்த சிறு தீவுகளில் வாழ்ந்து அழிந்துபோன குட்டை ஈமுக்களின் எலும்புகள். கொஞ்சம்தான். தீவுகளில் அவற்றைக் கொன்று தின்று முடித்த பிறகு, மிஞ்சியவை பாரிஸில் ஒரு தோட்டத்தில் கொஞ்சக் காலம் உயிரோடு இருந்தனவாம். வேறு வேறு தீவிலிருந்து வந்தவை. அங்கே இருந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே இனம் என்றே நினைத்தார்களாம். அவை ஒன்றையொன்று என்னவென்று நினைத்தன என்பது யாருக்குத் தெரியும் என்றார். நான் இழுப்பறையை மெல்லத் தள்ளி மூடினேன்.

அதற்குப் பிறகு லேபல்களை இரண்டு பேருமாகவே மாற்றினோம். நான் நூலை வெட்ட அவர் புதியதைக் கட்டினார். தன் பழைய லேபல்களைத் தானே குப்பைக் கூடைக்குள் போட்டார். இதையெல்லாம் வீட்டில் யாரிடமாவது சொல்லுவாயா என்று ஒருநாள் கேட்டார். இல்லை என்றேன்.

“நானும் இல்லை,” என்றார்.

அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் விருந்தாளி. இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சுற்றிச் சுற்றிச் சாப்பிட்டார். சொதியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். கணவர் கிரிக்கெட்டைப் பற்றி ஏதோ கேட்க, அவரும் பிடித்துக்கொண்டார். பின்னேரம் முழுக்க இரண்டு பேரும் பழைய ஆட்டங்களைக் கதைத்துக்கொண்டே இருந்தார்கள். நான் தேத்தண்ணி கொடுத்தேன், கோப்பை கழுவினேன், கதவோரம் நின்று கேட்டேன். ஈமுவைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. என் கணவர் அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கனகாலம். அது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, என்னை எங்கேயோ தனியாக விட்டுவிட்டதுபோலவும் இருந்தது.

அவர் போனதும் கணவர் சொன்னார்: “நல்ல மனுசன். திரும்பவும் வரச் சொல்லும்.”

“ஓம், சொல்லுறன்,” என்றேன்.

சொல்லவும் சொன்னேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவருக்குக் கால் இயலாமல் போக, கடற்கரைப் பக்கம் இருந்த மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதைப் பொறுப்பாளர்தான் எனக்குச் சொன்னாள். அவருடைய கதிரையில் யாரோ பெட்டிகளை அடுக்கிவைத்தார்கள். மிச்ச இழுப்பறைகளை நான் தனியே முடித்தேன்.

அந்த வேலையைக் காட்டித்தான் பிறகு கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. சம்பளம் வந்தது, பஸ்ஸில் முகம் தெரிந்தவர்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், மதிய இடைவேளையில், ஆய்வுகூடத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பேன். எந்தப் பறவை எந்தக் குடும்பம் என்று யாராவது வந்து கேட்டால் விரிவாகச் சொல்லலாம் என்று இருக்கும். பிள்ளைகள் வந்தால் பீக்கர் கேட்பார்கள். எடுத்துக் கொடுப்பேன்.