நிச்சயமாகவா என்று கேட்ட புரோகிராம்

போன செவ்வாய்க்கிழமை காலை, தஞ்சோங் பகார் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஜெரோமின் முகத்தைப் பார்த்தேன். என் மகளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, போன் வந்திருக்கிறது என்றே நினைத்துவிட்டேன். நான் குடியிருக்கும் மார்சிலிங்கில், பக்கத்து அடுக்குமாடி பிளாக்கில் இருக்கும் ஓர் அக்காவிடம் அவளை விட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருகிறேன். யார் முகம் வாடியிருந்தாலும் எனக்கு அதுதான் முதலில் தோன்றும்.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்ல மாலதி. என் எழுத்துங்க எல்லாம் போச்சு!" என்றார் அவர்.

ஜெரோம் எங்கள் சின்ன கம்பெனியில் என்னோடு புரோகிராம் எழுதுகிறவர். மூன்று மாதமாக, வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து, திரையில் தமிழ் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரைந்துகொண்டிருந்தார். சிராங்கூன் ரோட்டில் அச்சகம் வைத்திருக்கும் காதர் பாய்க்காக. கல்யாணப் பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும் என்பது பாயின் ஆசை. அன்று மாலை பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்.

எழுத்துக்கு ஒரு ஃபைல். எல்லாம் ஒரே பிளாப்பித் தகட்டில் அடங்க வேண்டும். அதற்காக நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன் — ஃபைல்களைச் சுருக்கி, ஒரே ஃபைலாகக் கட்டி வைப்பது. எப்படிச் சுருங்கும் என்கிறீர்களா? ஒரு வரியில் நாற்பது வெள்ளைப் புள்ளி வந்தால், நாற்பது முறை எழுதாமல் 'வெள்ளை, நாற்பது' என்று குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம்.

இப்போது புரோகிராம் எழுதுவதில் புது முறை ஒன்று வந்திருக்கிறது. தகவலையும், அதை வைத்துச் செய்ய வேண்டிய வேலைகளையும் ஒன்றாகச் சேர்த்து 'ஆப்ஜெக்ட்' ஆக்கிவிடுவது. என் கட்டும் ஓர் ஆப்ஜெக்ட்தான். முழுவதையும் பிரிக்க வேண்டாம். 'அ கொடு' என்றால் அந்த ஒன்றை மட்டும் விரித்துக் கொடுக்கும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை, கட்டை மூடும்போது கடைசியில் எழுதி வைத்துக்கொள்ளும். ஏன் கடைசியில்? சுருக்கி முடித்த பிறகுதானே எது எவ்வளவு இடம் பிடித்தது என்று தெரியும்!

என் சுபாவம் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு, லிஃப்ட் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். புரோகிராமும் அப்படியே அமைந்துவிட்டது. மூடுவதற்கு முன் 'முடிக்கலாமா?' என்று கேட்கும். சரி என்றால், 'நிச்சயமாகவா?' என்று மறுபடியும் கேட்கும்.

முந்தின ராத்திரி ஜெரோம் முதல் கேள்விக்குப் பதில் தட்டிவிட்டு, இரண்டாவதைக் கவனிக்காமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். காலையில் பார்த்தால் ஃபைல் இருக்கிறது. டிஸ்க்கில் இடம் வேண்டுமே என்று, வரைந்த எழுத்துகளை அழித்துவிட்டார். பிறகு கட்டைத் திறந்தால்... அட்டவணை இல்லை. உள்ளே எதுவுமே இல்லை என்கிறது என் ஆப்ஜெக்ட்!

"ரெண்டாவது தடவை யாராச்சும் கேப்பாங்களா? சர்ச்சுல ஃபாதர்கூட கல்யாணத்துக்கு ஒரு தடவைதான் சம்மதம் கேக்குறாரு!"

சிரிப்பதா, அழுவதா? தப்பு அவருடையதா, என்னுடையதா? இந்த யோசனையிலேயே அரை மணி நேரம் போனது. அப்புறம்தான் உறைத்தது — எதுவும் இல்லாத ஃபைல் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது?

அதே பயந்த சுபாவத்தில்தான், ஒவ்வோர் எழுத்தையும் சேர்த்த கையோடு டிஸ்க்கில் எழுதிவிடும்படி செய்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் பெயரும் நீளமும் வேறு. 'அட்டவணையிலதான் வரப்போகுதே, எதுக்கு டபுள் வேலை?' என்று ஜெரோம் அப்போது கேலி செய்தார்.

புது முறையில் ஒரு வசதி உண்டு. பழைய ஆப்ஜெக்ட்டை அம்மாவாக வைத்து ஒரு பிள்ளையை உருவாக்கலாம். அம்மாவுக்குத் தெரிந்ததெல்லாம் பிள்ளைக்கும் தெரியும். வேண்டாததை மட்டும் மாற்றி எழுதினால் போதும். விரிக்கும் வித்தையை அம்மாவிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். திறக்கும் முறையை மாற்றினேன். அட்டவணையைத் தேடாதே. முதலிலிருந்து நட. பெயரைப் படி, நீளத்தைப் பார், எழுத்தை எடு, அடுத்ததற்குப் போ. 'நிச்சயமாகவா?'வைப் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. (பெற்ற பிள்ளையிடமும் இப்படிச் செய்ய முடிந்தால்...)

மதியம் திரையில் 'அ' வந்தது. அப்புறம் 'ஆ'. ஜெரோம் நாற்காலியை விட்டு எழுந்தார். 'ன' வரிசை முடிகிறவரை நின்றுகொண்டே பார்த்தார். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

மாலையில் காதர் பாய் வந்தார். "என்ன தங்கச்சி, கம்ப்யூட்டருக்குள்ள போட்டா திரும்பி வராதுன்னு சொல்றாங்களே, மெய்யா?"

"வரும் பாய். கொஞ்சம் சுத்தி வரும் லா," என்றார் ஜெரோம்.

பிரிண்டர் கறகறவென்று ஒரு வரி அடித்தது. பாய் தாளைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார். "அடடா, 'ழ' என்னமா வளைஞ்சிருக்கு! எம் மருமவ பேர அடிங்க பாப்போம்."

அவர் போனதும் ஜெரோம் ஒரு பிளாப்பியை என்னிடம் நீட்டினார். "இன்னொரு காப்பி. இது உங்க வீட்டுல இருக்கட்டும்."

"என் வீட்டிலயா? ஏன்?"

"பயப்படுறவங்ககிட்டதான் பத்திரமா இருக்கும் மாலதி."

பாராட்டா, கிண்டலா? எதுவானாலும் வாங்கிக்கொண்டேன். மகளின் கைக்கு எட்டாமல் அலமாரி உச்சியில் வைத்திருக்கிறேன் — மேல்வீட்டுக் குழாய் ஒழுகினால் பிளாப்பிக்கு என்ன ஆகும் என்று மட்டும் யாராவது சொல்லுங்களேன்!